ரொறன்ரோ தெருவிழாவில் கடை போடுவதற்கு முன்

கோடை பிறந்தால் ரொறன்ரோவில் வார இறுதிகளில் எங்காவது ஒரு தெருவை மறித்து விழா நடக்கும். டான்போர்த்தில் ஒன்று, ஸ்காபரோ லோரன்ஸ் அவெனியூவில் ஒன்று, 2015-இல் மார்க்கம் வீதியில் தொடங்கிய நம்முடைய தமிழர் தெருவிழா இன்னொன்று. வந்து சில மாதங்களே ஆனவர்கள் அந்தச் சனத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு மேசையைப் போட்டு வடையும் ரோல்ஸும் விற்றால் என்ன?” என்று கேட்பார்கள். தாராளமாக விற்கலாம். கைப்பக்குவம் உள்ளவர்களுக்குச் சமையல் பெரிய விசயமில்லை. விழாக் காலையில் கடையைத் திறக்கவிடாமல் தடுப்பது அநேகமாகக் கடதாசிதான். அதிலும் காப்புறுதிப் பத்திரமும் எரிவாயுவும்.

அதற்கு முன் உங்கள் வதிவிட நிலையைப் பாருங்கள். சொந்தமாகக் கடை போடுவதும் கனடாச் சட்டப்படி வேலைதான். விசிட்டர் விசாவில் வந்தவர் கடை போட முடியாது. ஒரே முதலாளியின் பெயரில் வேலை அனுமதி எடுத்தவருக்கும் அதே நிலைதான். நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கும் திறந்த வேலை அனுமதி உள்ளவருக்கும் தடை இல்லை. மாணவர்கள் தங்கள் அனுமதியின் நிபந்தனைகளை வாசித்துவிட்டு இறங்குவது நல்லது.

தெருவை மூடும் அனுமதியை மாநகரசபையிடம் எடுப்பது விழாக் குழு. நீங்கள் குழுவுக்கு வாடகை கட்டி, அவர்கள் தரும் இடத்தில் நிற்கிறீர்கள். ஆகவே முதல் மின்னஞ்சல் போகவேண்டியது குழுவுக்குத்தான்: என்னென்ன கடதாசி வேண்டும், கடைசித் திகதி எது, காப்புறுதிப் பத்திரத்தில் யார் யாருடைய பெயர் இருக்கவேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விழா எல்லைக்கு வெளியே, பக்கத்து நடைபாதையில் மேசை போட்டால் அது வேறு கதை. அதற்கு மாநகரத்தின் தனி உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

சரி, காப்புறுதி. கேட்கப்படுவது ‘கொமர்ஷல் ஜெனரல் லயபிலிட்டி’ என்ற பொதுப் பொறுப்புக் காப்புறுதி. வீட்டுக் காப்புறுதி இதற்கு உதவாது. வியாபாரத்தால் வரும் நட்டத்தை அது பெரும்பாலும் ஏற்காது. தொகையாக ஒரு சம்பவத்துக்கு 20 இலட்சம் டொலர் கேட்பது இங்கே வழமை. சில பெரிய விழாக்களில் 50 இலட்சமும் கேட்பார்கள். தொகையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நீங்கள் கட்டுவது அதற்கான கட்டணம் மட்டும்தான்.

பத்திரம் கைக்கு வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். காப்புறுதி எடுத்தவர் என்ற இடத்தில் இருக்கும் பெயரும் விழா விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். விண்ணப்பத்தில் கடைப் பெயர், பத்திரத்தில் மனைவியின் பெயர் என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களோடு சேர்த்துக் காப்புறுதி பெறுபவர்களைக் குறிக்கும் ‘அடிஷனல் இன்ஷூர்ட்’ என்ற இடத்தில் விழாக் குழுவின் பதிவுப் பெயரும், கேட்டிருந்தால் ரொறன்ரோ மாநகரத்தின் பெயரும் வரவேண்டும். திகதி விழா நாளோடு நிற்காமல், கூடாரம் அடிக்கும் நாளையும் கழற்றும் நாளையும் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். உணவு விற்பவர்கள் ‘புரொடக்ட்ஸ் லயபிலிட்டி’ உள்ளதா என்றும் கேளுங்கள். ஒருவர் வந்து, உங்கள் ரோல்ஸைச் சாப்பிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்றால் கைகொடுப்பது அந்தப் பகுதிதான்.

முகவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கட்டணம் குறையும் என்று ‘சிற்றுண்டி விற்பனை’ என எழுதிவிட்டு, அங்கே போய் புரொப்பேன் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்து வடை பொரித்தால், தீப்பிடித்த அன்று காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. பொரியல், கொத்துத் தட்டு, கரி அடுப்பு எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தெரிந்தவரின் தெரிந்தவர் என்று யாரிடமாவது காசு கொடுக்கவேண்டாம்: ஒன்ராறியோவில் காப்புறுதி புரோக்கர்களுக்கு உரிமம் கொடுப்பது ‘ரிபோ’ என்ற அமைப்பு. அதன் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அத்துடன், இந்தக் காப்புறுதி மற்றவருக்கு நீங்கள் ஏற்படுத்தும் நட்டத்துக்குத்தான். உங்கள் பொருள் களவுபோனாலும், மழையில் வியாபாரம் படுத்தாலும் இதில் ஒரு சதமும் வராது.

உணவு என்றால் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் தனிப் படிவம் அனுப்பவேண்டும். விழாக் குழு அனுப்பிவிட்டது என்பதற்காக உங்களுடையதை விட்டுவிடாதீர்கள். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் உணவு கையாளும் சான்றிதழ் உள்ள ஒருவராவது கடையில் நிற்கவேண்டும். பரீட்சைக்கு 70 சதவீதம் எடுத்தால் போதும், சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். வீட்டில் பிரியாணி ஆக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் இப்போதே விடுங்கள். பரிசோதிக்கப்பட்ட சமையலறையில் தயாரிக்கவேண்டும். தெரிந்த உணவகத்தில் நேரம் வாடகைக்கு எடுப்பதுதான் பலர் செய்வது. வாசலில், சுகாதாரப் பரிசோதனையில் தேறியதைக் காட்டும் ‘டைன்சேஃப்’ பச்சை அட்டை தொங்குகிறதா என்று பார்த்து, சமையலறை தர ஒப்புக்கொண்டதற்கு ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது கை கழுவும் இடத்தைத்தான். குழாய் வைத்த தண்ணீர்க் கலன், திரவச் சோப்பு, கடதாசித் துவாய், கீழே அழுக்குத் தண்ணீர் வாளி. கையுறை போட்டிருக்கிறோம், எதற்குக் கழுவ வேண்டும் என்று அவரிடம் வாதாடாதீர்கள். அப்புறம் அவர் வெப்பமானியை எடுத்துச் சாப்பாட்டுக்குள் குத்திப் பார்ப்பார்: சூடானது 60 பாகைக்குக் கீழே போகக்கூடாது, குளிரானது 4 பாகைக்கு மேலே ஏறக்கூடாது. ஓகஸ்ட் வெயிலில் சம்பல் கிண்ணம் மேசையில் ஒரு மணித்தியாலம் இருந்தாலே அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துச் சிறிது சிறிதாக எடுங்கள்.

எரிவாயு டி.எஸ்.எஸ்.ஏ என்ற மாகாண அமைப்பின் கையில் இருக்கிறது. ஊரில் பாவித்த மாதிரி அடுப்பையும் குழாயையும் நாமே பொருத்திக்கொள்ள முடியாது. கனடாவில் அங்கீகார முத்திரை உள்ள அடுப்பு வேண்டும். உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளர் பார்த்துக் கொடுத்த அறிக்கையையும் கேட்பார்கள். சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கும் திகதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால், மறுபரிசோதனை செய்யாமல் அதை நிரப்ப முடியாது. பொரிக்கிறவர்கள் சாதாரணத் தீயணைப்பானை மட்டும் வைத்தால் போதாது, எண்ணெய்த் தீக்கென்று உள்ள ‘கே’ வகை வேண்டும். கூடாரத் துணியில் தீத்தாங்கும் தரச் சீட்டு தைத்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், மலிவுக் கூடாரங்களில் அது இருக்காது. தார் வீதியில் ஆணி அடிக்க முடியாது; நாலு காலுக்கும் பாரம் கட்டவேண்டும்.

என் அபிப்பிராயம்: முதல் வருடம் அடுப்பே வேண்டாம். உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கிய பொதி செய்த முறுக்கு, மிக்சர், அல்லது உடுப்பு, நகை என்று தொடங்குங்கள். எரிவாயுக் கடதாசி முழுவதும் தப்பும், காப்புறுதிக் கட்டணமும் குறையும். விழா எப்படி ஓடுகிறது என்று பழகியபிறகு கொத்துத் தட்டை இறக்கலாம்.

வரி விசயம் சுருக்கம்தான். உங்கள் முழுப்பெயர் அல்லாத கடைப் பெயர் வைத்தால் ஒன்ராறியோவில் பதியவேண்டும். 60 டொலர், ஐந்து வருடத்துக்கு. தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் 30,000 டொலருக்குள் விற்றால் எச்.எஸ்.டி என்ற விற்பனை வரிக்குப் பதிவது கட்டாயமில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் பத்து நாட்களுக்குள் வேலையில் காயப்படுவோருக்கான மாகாணக் காப்புறுதி அமைப்பான டபிள்யூ.எஸ்.ஐ.பி-யில் பதியவேண்டும்.

மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் விழாக்களுக்கும் போக நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உணவு கையாளும் சான்றிதழ் மாகாணம் முழுக்கச் செல்லும், ஆனால் அவை முறையே யோர்க், பீல், டர்ஹம் சுகாதாரப் பிரிவுகளின் கீழ் வருவதால் படிவத்தை அங்கே புதிதாக நிரப்பவேண்டும். பத்திரத்தில் சேர்க்கும் மாநகரத்தின் பெயரும் மாறும். பல விழாக்கள் என்றால் நாள் கணக்கில் எடுக்காமல் வருடக் காப்புறுதியாக எடுத்து, விழாவுக்கு விழா பெயர் மாற்றிய காப்புறுதிப் பத்திரத்தை மேலதிகக் காசு இல்லாமல் தருவீர்களா என்று முகவரிடம் கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.