காலித் தொட்டி "பாதி நிறைந்திருக்கிறது" என்றது

பினாங்கு, பிறையில் நான் வேலை செய்யும் சமையல் எண்ணெய் ஆலை. தொட்டியைக் கழுவி முடித்திருந்தோம், எண்ணெய் ஏற்றவே இல்லை. அளவுகாட்டியோ பாதி என்றது. "உணரி போய்விட்டது தம்பி, புதிது வாங்கிவிடுவோம்" என்றார் மேற்பார்வையாளர் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

உணரிக் கம்பியும் தொட்டிச் சுவரும் சேர்ந்து ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேமிக்கும் அமைப்பு. நடுவில் உள்ள பொருளைப் பொறுத்து அதன் மின்தேக்குத்திறன், அதாவது சேமிக்கும் அளவு, மாறும்; அதை வைத்தே அளவுகாட்டி மட்டத்தைச் சொல்லும். அந்தத் திறனை ஒரு பொருள் எத்தனை மடங்காக்கும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி காற்றுக்கு 1, எண்ணெய்க்கு ஏறத்தாழ 3, தண்ணீருக்கோ 80! அதனால் கொஞ்சம் தண்ணீர்கூட நிறைய எண்ணெய் போலக் காட்டிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் நான்கு விரல் உயரம் தண்ணீர் பளபளத்தது. கம்பியிலும் ஈரப் பிசுக்கு.

வடிகால் வால்வைத் திறந்து வடித்தேன். கம்பியின் மேலுள்ள உறை கீறாமல் மெல்லிய துணியால் துடைத்து, காலி அளவை மீண்டும் பதித்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது.