வி.எச்.எஸ். டேப்பை டிஜிட்டலாக்கும்போது படத்தைக் கெடுக்கும் தவறுகள்

பழைய டேப்பைக் கணினியில் ஏற்றும்போது பலர் முதலில் தேடுவது, படத்தைப் பளிச்சென்று ஆக்கும் மென்பொருளைத்தான். ஆனால் வழியில் தொலைந்த விவரத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, ஊகித்து நிரப்பத்தான் செய்யும். டேப்பிலிருந்து கேப்சர் கருவி (படச் சிக்னலைக் கணினிக் கோப்பாக மாற்றுவது) வரையுள்ள பாதையைச் சரிசெய்வதே முதல் வேலை.

பெரிய தவறு இணைப்பில் நடக்கிறது. விசிஆரின் ஆன்டெனா வெளியீட்டிலிருந்து சிக்னல் எடுப்பது படுமோசம். படத்தை ஒரு சேனலில் ஏற்றி மறுபடி இறக்க வேண்டியிருப்பதால் இரைச்சல் கூடும். மஞ்சள் முனை கொண்ட காம்போசிட் வயர் அதைவிட மேல். ஆனால் வி.எச்.எஸ். டேப்பில் ஒளிர்வும் நிறமும் வேறுவேறு அதிர்வெண்களில் பதிவாகியிருக்கின்றன; பால் (PAL) என்னும் டிவி முறையில் நிறத்தின் இடம் சுமார் 627 கிலோஹெர்ட்ஸ். காம்போசிட் இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது, மறுமுனை அவற்றைத் திரும்பப் பிரிக்கிறது. அந்தப் பிரிப்பு ஒருபோதும் சுத்தமாக நடப்பதில்லை. நிற எல்லைகளில் புள்ளிகள் ஊர்வதும் நெருக்கமான கோடுகளில் வானவில் நிறங்கள் மினுங்குவதும் அதனால்தான். எஸ்-வீடியோ வெளியீடு உள்ள விசிஆர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒளிர்வும் நிறமும் கலக்காமலே வந்து சேரும்.

அடுத்து, நேரப் பிசகு. டேப் இழுபட்டிருந்தால் படத்தின் ஒவ்வொரு வரியும் சற்று முன்பின்னாகத் தொடங்கி, நேர்க்கோடுகள் நெளியும். பழைய குழாய் டிவி இதை ஓரளவு சமாளித்துவிடும். கேப்சர் கருவியோ பிரேம்களையே தவறவிடலாம். வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் இதற்குத்தான். அதை கேப்சருக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் வைக்க வழியே இல்லை.

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்டை ஏற்றிவைத்துப் பதிவு செய்யாதீர்கள். ஒளி அளவு மீறி வெட்டுப்பட்ட வெள்ளையில் முகமோ ஆடை மடிப்போ மிஞ்சாது.

சரி, பதிவாகிவிட்டது. அப்புறம் நடக்கும் தவறு, நேராகக் குறைந்த பிட்ரேட் (நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) எம்பி4 ஆக்குவது. டேப்பின் இரைச்சல் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால், பிட்டுகளில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். படம் கட்டம் கட்டமாகச் சிதறும். முதல் பிரதியை எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத வடிவத்தில், இன்டர்லேஸாகவே (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் முறையிலேயே) வைத்திருங்கள். பால் பதிவில் நொடிக்கு 50 புலங்கள் (ஒவ்வொன்றும் பாதி வரிகள் கொண்ட படம்) உண்டு. 25 முழு பிரேம்களாக மாற்றினால் அசைவின் பாதி போய்விடும். பார்ப்பதற்கான சிறிய கோப்பை அந்தப் பிரதியிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.