வீட்டில் ஒருவருக்குச் சொறி சிரங்கா? மருந்து எல்லாருக்கும், அதுவும் ஒரே ராத்திரியில்

ராத்திரி படுக்கையில் சாய்ந்ததும் அரிப்பு ஆரம்பிக்கிறது, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் குட்டிக் குட்டிப் பொரிகள், பக்கத்தில் படுத்திருப்பவரும் தூக்கத்திலேயே சொறிகிறார். இப்படி இருந்தால் கொசு, புது சோப்பு, நேற்று சாப்பிட்ட கத்தரிக்காய் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் இது சொறி சிரங்கா என்று பாருங்கள். அழுக்காக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பது சுத்தப் பொய். தினமும் இரண்டு முறை குளிக்கிற எங்கள் வீட்டில் மூன்று மாதம் குடியிருந்துவிட்டுத்தான் போனது.

வந்தது மகனின் ஹாஸ்டலில் இருந்து. மெடிக்கல் கடையில் கையைக் காட்டி ஒரு ட்யூப் வாங்கினோம், பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு எல்லாம் கலந்த கதம்பம். தடவியதும் அரிப்பு அடங்கியது. பொரி மட்டும் நிதானமாகப் பரவிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் ஸ்டீராய்டு அடக்குவது நம் உடம்பின் எதிர்ப்பைத்தானே தவிர தோலுக்குள்ளே குடியிருந்து சிரங்கை உண்டாக்குகிற பூச்சியை இல்லை. அதற்கப்புறம்தான் தோல் டாக்டர். அவர் தெளிவாகவே சொன்னார், வீட்டில் எல்லாரும் போடுங்கள் என்று. மகன் போட்டான், நாங்கள் இருவரும் போட்டோம், அம்மா மட்டும் "எனக்குத்தான் அரிக்கவே இல்லையே, எனக்கு எதுக்குடா இந்த நாத்தம்" என்று ஒதுங்கிக்கொண்டார். நாங்களும் விட்டுவிட்டோம். ஐந்தாவது வாரம் அம்மாவுக்கு அரிப்பு, அடுத்து மறுபடி எங்களுக்கு.

அம்மா சொன்னது ஏன் தப்பு என்பதற்கு எண்பது வருடப் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டனில் சிரங்கு கன்னாபின்னாவென்று பரவியது. போர்வையிலும் துணியிலும்தான் ஒட்டுகிறது என்று நம்பி அதையெல்லாம் சூடேற்றிச் சுத்தம் செய்வதில் ராணுவம் மும்முரமாக இருந்தது. கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். போரில் சேர மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்த இளைஞர்கள் சிலர் முன்வர, ஷெஃபீல்ட் நகரில் ஒரு வீட்டில் தங்கவைத்து, சிரங்கு பிடித்த சிப்பாய்கள் கழற்றிப்போட்ட உள்ளாடையைத் துவைக்காமல் அவர்களை உடுத்தச் சொன்னார், அந்தச் சிப்பாய்கள் படுத்த போர்வைக்குள்ளேயே அம்மணமாகப் படுக்கவும் வைத்தார். (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.) அநேகமாக யாருக்கும் ஒட்டவில்லை. சிரங்கு உள்ளவரோடு ஒரே படுக்கையில் உடம்பு படப் படுத்தபோதுதான் ஒட்டியது. இன்னொன்றையும் பார்த்தார்: முதல்முறை பூச்சி ஏறியவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரை அரிப்பே கிடையாது. பூச்சியின் எச்சத்துக்கும் முட்டைக்கும் உடம்பு அலர்ஜி காட்டக் கற்றுக்கொள்ள அவ்வளவு நாள் ஆகிறது. ஏற்கெனவே வந்து போனவருக்கோ மறுபடி ஏறினால் ஓரிரு நாளில் அரிக்கும்.

ஆகவே அரிப்பு இல்லாதவர்தான் வீட்டில் ஆபத்தானவர். பாட்டி, கைக்குழந்தை, வாரக்கடைசியில் வந்து கூடவே தூங்குகிற அக்கா பிள்ளைகள் என்று யாரையும் விடாமல் பட்டியல் எடுத்து ஒரே ராத்திரியில் மருந்து போடுங்கள். இன்றைக்கு உங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்று தவணை முறையில் போட்டால் காசுதான் தண்டம்.

சரி, பூச்சி எப்படி இருக்கும்? அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேல்படலத்தில் சுரங்கம் தோண்டிக்கொண்டே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். உடம்பு முழுக்கச் சொறிந்தாலும் சாதாரணமாக மொத்தம் பத்துப் பதினைந்து பூச்சிகளுக்கு மேல் இருக்காது, அதனால்தான் தேடிப் பிடிப்பது கஷ்டம். 1687-லேயே இத்தாலியில் போனோமோ, செஸ்டோனி என்ற இருவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்துவிட்டார்கள், டாக்டர்கள் நம்பவில்லை. 1834-ல் பாரிஸில் ரெனுச்சி என்ற மருத்துவ மாணவர், தன் ஊரான கோர்சிகாவில் பெண்கள் ஊசிமுனையால் பூச்சியை எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர், எல்லார் முன்னாலும் அதேபோல எடுத்துக் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது.

நீங்கள் ஊசியோடு உட்கார வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், தொப்புளைச் சுற்றி, அரைஞாண் கயிறு கட்டுகிற இடம், பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றி, ஆண்களுக்கு ஆணுறுப்பு, இதையெல்லாம் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியதுபோல ஒரு சின்ன வளைந்த கோடு தெரிந்தால் அதுதான் சுரங்கம். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகத்தில்கூட வரும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டாக்டர் தோலைப் பெரிதாக்கிக் காட்டுகிற டெர்மோஸ்கோப் வைத்துப் பார்ப்பார். அதில் பூச்சியின் தலைப்பகுதி குட்டி முக்கோணமாகவும் பின்னால் சுரங்கம் வெள்ளைக் கோடாகவும், வானத்தில் ஜெட் விமானம் புகைக்கோடு விட்டுப் போவதுபோலத் தெரியும்.

டாக்டர் பெரும்பாலும் எழுதிக்கொடுப்பது பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம். மருந்து நல்ல மருந்துதான், நாம் தடவுகிற லட்சணம்தான் சரியில்லை. பொரி இருக்கிற இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கே 30 கிராம் வரை ஆகும். அதாவது சின்ன ட்யூப் ஒன்றை வாங்கி நாலு பேர் பங்கு போட முடியாது. வெந்நீரில் குளித்த கையோடு தடவ வேண்டாம், உடம்பு ஆறி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், மெட்டி எல்லாம் கழற்றுங்கள், கழற்ற முடியாத தாலிக் கயிறு, அரைஞாண் கயிறு என்றால் நகர்த்தி அடியில் தடவுங்கள். கழுத்தில் தொடங்கிக் கால் விரல் இடுக்கு வரை, நகத்துக்கு அடியில், தொப்புளுக்குள், பிட்டத்தின் இடுக்கில், பிறப்புறுப்பில், உள்ளங்காலில், முதுகில், முதுகுக்கு இன்னொருவர் கை கட்டாயம் வேண்டும், கூச்சப்பட்டு விட்டுவிட்டால் அங்கேதான் மிச்சம் இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கும் ரொம்ப வயதானவர்களுக்கும் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டு முகம், தலை, காதுக்குப் பின்னாலும் தடவ வேண்டும். விரல் சூப்புகிற பிள்ளைக்குக் கையில் சாக்ஸ் மாட்டிவிடுங்கள். 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும் என்பதால் ராத்திரி ஒன்பது மணிக்குத் தடவிக் காலையில் குளிப்பது வசதி. நடுவில் கை கழுவினீர்களா, கையில் மறுபடி தடவுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம், பூச்சிக்குப் பிடித்த இடமும் கைதான்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, எல்லாரும், அதே மாதிரி. அரிப்பு குறைந்துவிட்டது என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள், தப்பித்த முட்டைகள் பொரித்திருக்கும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தடவ வேண்டாம், அவர்களுக்கு கந்தக களிம்புகூட எழுதுவார்கள்.

சிலருக்கு ஐவர்மெக்டின் மாத்திரையும் தருவார்கள். எடைக்கு ஏற்ற அளவு, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். முட்டையை அது கொல்லாது என்பதால் ஒன்று இரண்டு வாரத்தில் இரண்டாவது டோஸ். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை, கடையில் நாமே வாங்கி விழுங்குகிற மாத்திரையும் இல்லை. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரில் இருந்து பிறந்த மருந்து இது. அவரும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு பிஜித் தீவுகளில் நடந்த ஆய்வு வெளிவந்தது. ஓர் ஊரில் வழக்கம்போல நோயாளிக்கும் கூட இருப்பவர்களுக்கும் மட்டும் க்ரீம், இன்னோர் ஊரில் எல்லாருக்கும் க்ரீம், மூன்றாவதில் எல்லாருக்கும் ஐவர்மெக்டின். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சிரங்கு உள்ளவர்கள் எண்ணிக்கை முதல் ஊரில் 36.6 சதவீதம் 18.8 ஆகவும், இரண்டாவதில் 41.7 சதவீதம் 15.8 ஆகவும், மூன்றாவதில் 32.1 சதவீதம் வெறும் 1.9 ஆகவும் இறங்கியிருந்தது.

துணிமணி விஷயத்தில் மெலன்பிக்கு நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாக இருங்கள், மெத்தையைக் கொளுத்த வேண்டியதில்லை. உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். கடந்த மூன்று நாளில் உடுத்தியது, போர்வை, துண்டு, தலையணை உறை இவற்றை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததை ஒரு ப்ளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் மூலையில் வைத்தால் போதும்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாமா என்று கேட்பீர்கள். 1992-ல் 814 பேரிடம் பூசிப் பார்த்து 97 சதவீதம் பேருக்குக் குணம் என்று ஓர் ஆய்வு வந்தது உண்மை, ஆனால் அது முன்னோட்ட ஆய்வுதான். அதை நம்பிப் பெர்மெத்ரினை விட்டுவிட நான் தயாரில்லை.

பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். செத்த பூச்சியும் எச்சமும் தோலுக்குள்ளேயே இருப்பதால் வரும் அரிப்பு இது, மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. பயந்துபோய் தினமும் க்ரீம் தடவாதீர்கள், தோல் வறண்டு இன்னும் அரிக்கும். தேங்காய் எண்ணெயும், டாக்டர் சொன்னால் அரிப்பு மாத்திரையும் போதும். நாலு வாரம் தாண்டியும் புதுப்புதுப் பொரி வந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள். சீழ் வைத்தால் அன்றே போங்கள், குழந்தைகளுக்கு முக்கியமாக, ஏனென்றால் அந்தப் புண்ணில் சேரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சிறுநீரகம் வரை பாதிப்பு போகலாம், முகம் வீங்குவதும் சிறுநீர் கோலா நிறத்தில் போவதும் அதன் அடையாளம். படுத்த படுக்கையான பெரியவர்களுக்கு அரிப்பே அதிகம் இல்லாமல் கையில் தடித்த பொருக்கு மட்டும் தெரிந்தால் அது வேறு வகை, அங்கே பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், க்ரீமோடு நிறுத்த முடியாது.

அப்புறம், பிள்ளையை ஹாஸ்டலுக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன் அவன் அறையில் இருக்கிற மற்ற பையன்களின் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். சங்கடமான போன்தான். நான் போட்டேன், மூன்று வீட்டிலும் அரிப்பு இருந்தது, ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லியிருக்கவில்லை.