பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை: பழைய சாமான் பார்த்து வாங்குவது எப்படி

குரோம்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் என் கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு. அடுத்த ஸ்டேஷனில் பல்லாவரம் சந்தை கூடுவதுதான் காரணம். பதினெட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கடையில் ஓடும் மூன்று தையல் மெஷினில் இரண்டு அங்கே வாங்கியவை. வீட்டுத் தோசைக்கல்லும் ஊறுகாய் ஜாடியும்கூட அங்கிருந்து வந்தவைதான். “நானும் வரேங்க்கா, ஆனா எனக்குப் பார்த்து வாங்கத் தெரியாதே” என்று பலர் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை தோறும் இந்தச் சந்தை. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் திரிசூலத்துக்கு அடுத்து பல்லாவரம். இறங்கி, பை தூக்கிப் போகிறவர்கள் பின்னால் நடந்தாலே போதும். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்பார்கள். இப்போது காய்கறி, கருவாடு, செடி, கோழிக்குஞ்சு, கட்டில், கதவு, ஃபேன், மிக்ஸி ஜார், கழற்றிய சர்க்யூட் போர்டு, பழைய நாணயம் என்று எல்லாம் சாக்கிலும் தார்ப்பாயிலும் விரித்திருக்கும். வண்டியில் வர வேண்டாம். நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிக் காலை போய்விடும்.

எட்டு மணிக்குள் அங்கே இருங்கள். அந்த நேரத்தில்தான் மூட்டையைப் பிரிப்பார்கள். காயலான் கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் அதற்கும் முன்பே வந்து நல்ல சாமானைத் தூக்கிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தேடுவது மோட்டாரும் செம்பும். நமக்கு வேண்டியதை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பதினொரு மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து, ஒரு பொருளை நிதானமாகக் கையில் எடுத்துப் பார்க்கவே முடியாது.

கையில் நான் எடுத்துப் போவது இவ்வளவுதான்: இரண்டு கட்டைப் பை, பழைய வேட்டித் துணி ஒன்று, தண்ணீர், இஞ்ச் டேப், ஊசி நூல், கைக்குட்டை அளவு வாயில் துணி (மெல்லிசான பருத்தித் துணி), அப்புறம் கடையில் கீழே விழுந்த குண்டூசி பொறுக்குகிற காந்தம். பணத்தை ஐம்பதும் நூறுமாகச் சில்லறையாக மாற்றிக்கொள்கிறேன். ஜிபே நிறைய பேரிடம் இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் நிற்பதைவிட நோட்டு நல்லது.

முதல் சுற்றில் எதுவும் வாங்காதீர்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். எங்கே இரும்பு, எங்கே பாத்திரம், எங்கே மெஷின் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி ஜாடி நாலு இடத்தில் இருப்பது இந்தச் சுற்றில்தான் தெரியும். இரண்டாவது சுற்றில் குனியுங்கள். நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது இதுதான். விற்பவர் மேலே அடுக்கி வைத்திருப்பது பளபளப்பாக இருக்கும். நல்ல பொருள் குவியலுக்கு அடியில், துருவோடும் அழுக்கோடும் கிடக்கும். பல்லாவரத்தில் குனிந்து பார்ப்பதற்குப் பெரிய வரலாறே உண்டு. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் இதே பல்லாவரத்தில் ஒரு சரளைப் பள்ளத்தில் கிடந்த கல்லை எடுத்தார். கற்கால மனிதர் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் முட்டி வலிக்க உட்கார்ந்து குவியலைக் கிளறும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

எடுத்த பொருளை முழுதாகச் சோதிக்கும் வரை விலை கேட்காதீர்கள். விலையைக் காதில் வாங்கிவிட்டால் கண் மங்கிவிடும். மலிவாகச் சொன்னால் குறை தெரியாது, அதிகமாகச் சொன்னால் நிறை தெரியாது. முதலில் கை, அப்புறம்தான் வாய்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது தையல் மெஷின் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். பழைய கறுப்பு மெஷின், சிங்கரோ உஷாவோ மெரிட்டோ, எதுவானாலும் முதலில் சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். சுற்று முழுக்க ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். வருடக்கணக்கில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், மண்ணெண்ணெய் விட்டால் இளகிவிடும். அப்படியில்லாமல் லேசாகச் சுற்றி வந்து ஒரே இடத்தில் மட்டும் முட்டினால் கவனியுங்கள். ஊசிக்குக் கீழே நூலைப் பிடிக்கிற ஷட்டிலுக்குள் நூல் சிக்கியிருந்தால் சின்ன வேலை. உள்ளே தண்டு வளைந்திருந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

அடுத்து ஊசி மாட்டுகிற கம்பியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது, தையல் விட்டுவிட்டு விழும். ஊசிக்குக் கீழே இருக்கும் வழுவழுப்பான தகட்டை நகர்த்தி ஷட்டிலைப் பாருங்கள். அதன் கூர்முனைதான் நூலைப் பிடிக்கிற இடம். முனை உடையாமல், நகம் வைத்துத் தடவினால் சொரசொரப்பு இல்லாமல் இருக்க வேண்டும். கீழ் நூல் சுற்றிய பாபின் உட்காருகிற பாபின் கேஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை, அது தனியாகக் கிடைக்கும். பெல்ட்டும் அப்படித்தான். கடைசியாக மெஷினைப் பின்பக்கம் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வார்ப்பு இரும்பில் விரிசல் விட்டால் ஒட்டுவது லேசில்லை.

இதைத் தெரியாமல்தான் நான் முதன்முதலில் ஏமாந்தேன். புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளக்க ஒரு மெஷின். ஓட்டிக் காட்டினார்கள், நன்றாக ஓடியது. 1,800 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி வந்தேன். ஒரு வாரத்தில் பெயிண்ட் கோடு மாதிரி பிளந்தது. உள்ளே விரிசலில் எதையோ அடைத்து மேலே பூசியிருந்தார்கள். அந்தப் பணம் ஒரு மாதக் கடை வாடகையில் பெரும்பகுதி. அன்றிலிருந்து புதுப் பெயிண்ட் அடித்த பழைய மெஷினை நான் தொடுவதில்லை. சொறியும் அழுக்குமாக, பூப்போட்ட தங்க நிற டிசைன் பாதி அழிந்து கிடக்கிற மெஷின்தான் உண்மையைச் சொல்லும்.

எல்லாம் சரியென்றால் கொண்டுபோன ஊசி, நூல், வாயில் துணியை எடுங்கள். “அண்ணே, பத்துத் தையல் போட்டுப் பார்க்கட்டுமா?” என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மெஷினைத் தரையில் வைத்தே கையால் சக்கரத்தைச் சுற்றிப் போடலாம். மேல் தையலும் கீழ் தையலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று துணியைத் திருப்பிப் பாருங்கள். சிங்கராக இருந்தால் மெஷினின் இரும்பு அடித்தட்டில் எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருந்தால் 1900இலோ அதற்குப் பிறகோ செய்தது. வெறும் எண் மட்டும் என்றால் அதற்கும் முந்தையது. வயதுக்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை, ஆனாலும் அந்த எண்ணைத் துடைத்துப் படிக்கும்போது ஒரு மரியாதை வருகிறது.

கத்தரிக்கும் அந்த வாயில் துணிதான் சோதனை. மூடிய கத்தரியை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்தால், நுனி ஒட்டி, நடுவில் மெல்லிசாக ஒளிக்கீற்று தெரிய வேண்டும். வெட்டும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு போக அந்த வளைவு வேண்டும். பிறகு நுனியால் மட்டும் துணியை வெட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் எந்தக் கத்தரியும் வெட்டும். நுனி துணியைக் கடித்து மடக்கினால் சாணை பிடிக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். மீரட் கத்தரி கண்ணில் பட்டால் துருப்பிடித்திருந்தாலும் எடுங்கள். நல்ல எஃகு, திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கலாம்.

பித்தளைக்குக் காந்தம். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பாதீர்கள், அலுமினியத்திலும் ஒட்டாது. அடிப்பக்கம் கண்ணுக்குப் படாத இடத்தில் சாவியால் லேசாகக் கீறிப் பாருங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கீறுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சமைக்கிற பாத்திரம் என்றால் உள்ளே ஈயப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு போன பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. வெள்ளீயம் வைத்துப் பூசித் தருபவர் உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஊறுகாய் ஜாடியை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் எங்கோ கீறல். இரும்புத் தோசைக்கல்லைச் சமமான தரையில் வைத்து நான்கு ஓரத்திலும் அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். துரு ஒரு பிரச்சினையே இல்லை.

சரி, விலை. பாதிக்குக் கேள் என்று எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. விடியற்காலையில் மூட்டை தூக்கி வந்து வெயிலில் உட்கார்ந்திருப்பவரிடம் பாதி விலை கேட்டால் அங்கேயே பேச்சு முறிந்துவிடுகிறது. சோதிக்கும்போதே இது எனக்கு எவ்வளவு பெறும் என்று மனதில் ஒரு தொகை வைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லட்டும். பிறகு குறையைக் காட்டிப் பேசுகிறேன். போன மாதம் ஒரு கத்தரிக்கு இப்படித்தான்.

“இருநூறு சொல்றீங்கண்ணே. நுனி கடிக்குது பாருங்க. சாணைக்கே அறுபது ஆகும். நூத்தி முப்பது தரேன்.”

அவரே வாங்கி வெட்டிப் பார்த்தார். “ஆமாம்மா, கடிக்குது. நூத்தி நாப்பது குடு, போணி.”

போணி என்ற சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் இழுக்கக் கூடாது. முதல் வியாபாரம் இழுபறியானால் அன்று முழுக்க அப்படியே போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன். கேட்ட விலைக்குத் தந்த பிறகு “வேண்டாம்” என்று நகர்வதும் தவறு. அடுத்த வெள்ளி அதே முகத்தைப் பார்க்க வேண்டும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. பழைய செல்போன் கண்டிப்பாக வேண்டுமென்றால் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் (*#06#) அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணைப் பாருங்கள். ஆங்கிலத்தில் KYM என்று அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போனின் நிலை தெரியும். தடை செய்யப்பட்டது என்று வந்தால் அப்படியே கொடுத்துவிடுங்கள். பச்சைக்கிளியையோ நட்சத்திர ஆமையையோ யாராவது காட்டினால் எவ்வளவு பாவமாக இருந்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், நீங்கள் வாங்குவதால் இன்னொன்று பிடிபடும். பழைய சாமி சிலையும் வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளுக்கு 1972ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. எந்தக் கோவிலில் இருந்து வந்ததோ என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு நிறுத்திவிடுங்கள். மோர் குடித்துவிட்டு, காய்கறியைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் வாங்கினால் இரும்புக்கு அடியில் தக்காளி நசுங்கும். கண்ணாடி, பீங்கான் எல்லாவற்றையும் அந்த வேட்டித் துணியில் சுற்றிவிடுங்கள்.

வாங்கியதை அன்றே கையில் எடுங்கள், மூலையில் வைத்தால் அங்கேயே இருந்துவிடும். தோசைக்கல்லைக் கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, அரை வெங்காயத்தை வதக்கி எடுங்கள். மூன்று நாள் இதையே செய்தால் நாலாவது நாள் தோசை ஒட்டாமல் எழும். மெஷினுக்கு எல்லாத் துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் அழுக்கு கசிவதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் மெஷின் எண்ணெயையே தாராளமாக விடலாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும். ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் காலை மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். போன தை மாதம் வாங்கிய உஷாவுக்கு இரண்டு ராத்திரி பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு விரலால் தள்ளினேன், சக்கரம் சத்தமே இல்லாமல் நாலு சுற்று சுற்றி நின்றது. அன்று மதியமே அதில் ஒரு தலையணை உறை தைத்தேன்.