சிலாப் வழுக்காமல் இருக்க: தகட்டில் ஸ்டட் வைக்கும் முறை

குருநகர்ப் பக்கம் வேலைக்கு வரும் பெடியளுக்கு நான் முதலில் சொல்வது: இரும்புத் தகட்டில் கொங்கிறீற் தானாக ஒட்டி நிற்கும் என்று நம்பாதீர்கள். பாரம் ஏறினால் சிலாப் வழுக்கப் பார்க்கும். அதை மறிப்பது தலையுள்ள ஸ்டட்டுகள்தான்; அதாவது தகட்டில் நிமிர்த்தி வெல்ட் பண்ணும், மேல்முனை தடித்த குட்டை இரும்புக் கம்பிகள்.

எத்தனை ஸ்டட் என்பதை வரைபடம் சொல்லும். 19 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்டட் என்றால் உயரம் 57க்குக் குறையக்கூடாது. விசை போகும் திசையில் இடைவெளி 95 ஆவது வேண்டும்.

கவனம் முழுக்க வெல்டிங்கில் இருக்கட்டும். எங்கள் கடற்காற்றில் தகடு கெதியாகத் துருப்பிடிக்கும். காலையில் கிரைண்டர் போட்டால் அன்றைக்கே வெல்ட் பண்ணிவிடுங்கள். வெல்ட் பண்ணும்போது ஸ்டட்டின் அடியைச் சுற்றி வைக்கும் பீங்கான் வளையத்தில் பனியோ மழையோ பட்டிருந்தால் 120 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். மாரியில் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

வளையத்தை உடைத்துவிட்டுக் குனிந்து அடியைப் பாருங்கள். உருகிய இரும்பு சுற்றிவர முழுதாக நின்றால் சரி. ஒரு பக்கம் குறைந்திருந்தால், அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுத்தியலால் அடித்து 15 பாகை வளையுங்கள். வெடிக்காவிட்டால் அப்படியே விடலாம், நிமிர்த்தத் தேவையில்லை. வெடித்தால் வெட்டியெறிந்து புதிது வையுங்கள்.

சிலாப்பின் கீழ்க்கம்பிக்கு மேலே ஸ்டட் தலையின் அடிப்பக்கம் 30 மில்லிமீற்றராவது உயர்ந்து நிற்கவேண்டும். கொங்கிறீற் போடும்போது வைப்ரேட்டரை ஒவ்வொரு ஸ்டட்டுக்குக் கிட்டவும் இறக்குங்கள்.