பான்சி ஷெல் சேகரிப்பதும் கெடாமல் வைப்பதும்

மணல் டாலர் என்று உலகம் சொல்வதைத் தென்னாப்பிரிக்காவில் பான்சி ஷெல் என்பார்கள். பெயர் சிப்பிபோல் இருந்தாலும் இது சிப்பி இனம் அல்ல. கடல் முள்ளெலிக்கும் நட்சத்திர மீனுக்கும் உறவு. கையளவு அப்பளம்போல் தட்டையாக இருக்கும். மேல்பக்கம் ஐந்து இதழ்ப் பூ, பின்பக்க ஓரத்தில் இரண்டு நீளமான துளைகள். பிளெட்டன்பர்க் பே ஊரின் சின்னமே இதுதான்.

டர்பன் கடற்கரையில் முழு ஓடு கிடைப்பது அரிது. அங்கே அலை நேராக வந்து அடிப்பதால், கரை சேர்வதற்குள் உடைந்துவிடும். அலை தணிந்த வளைகுடாவும் மாவு போன்ற மணலும் வேண்டும். டிசம்பர் விடுமுறைக்குத் தெற்கே கார்டன் ரூட் பக்கம் போகும் குடும்பங்களுக்கு பிளெட்டன்பர்க் பே, கூர்பூம்ஸ், மோசல் பே மூன்றும் நல்ல இடங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கத் தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் கடல் அதிகமாக உள்வாங்கும். இந்நாட்டுக் கிழக்கு, தெற்குக் கரைகளில் அந்த நாட்களின் வற்றம் காலை பத்து மணியை ஒட்டி வரும். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, நீர் பின்வாங்கப் பின்வாங்க அதன் ஓரமாகவே நடங்கள். முந்தைய ஓரிரு நாட்களில் பெருங்காற்று அடித்திருந்தால் இன்னும் நல்லது. பாறை இடுக்கில் தேட வேண்டாம், இது மணலில் புதைந்து வாழும் உயிர்.

எடுப்பதற்கு முன் உயிர் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஊதா கலந்த பழுப்பு நிறம், வெல்வெட் துணிபோல் உடல் முழுக்கக் குட்டி முட்கள் என்றால் அது உயிருள்ளது. ஈரக்கையில் வைத்துக் கூர்ந்து பாருங்கள், முட்கள் மெல்ல அசையும். அசைவு தெரியாவிட்டாலும் முள் இருந்தால் விட்டுவிடுங்கள். தூக்கி எறியாமல், முழங்கால் அளவு நீரில், பூப்பக்கம் மேலே வரும்படி மணல்மேல் வையுங்கள். அதுவே புதைந்துகொள்ளும். முள் முழுக்க உதிர்ந்து, சாம்பலோ வெள்ளையோ ஆன ஓடு மட்டும்தான் நமக்கு. ராபர்க், இசிமாங்கலிசோ போன்ற காப்புப் பகுதிகளில் எதையும் எடுக்காதீர்கள். மற்ற இடங்களிலும் சேகரிப்புக்கு விதிகள் உண்டு. இறங்கும் முன் அங்குள்ள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒன்றோடொன்று மோதி ஓரம் உடையும். மூடியுள்ள டப்பாவில் ஈர மணலைப் பரப்பி, ஒவ்வொன்றையும் படுக்கையாக அடுக்கிக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலர் நேரே ப்ளீச்சில் போடுகிறார்கள். அது தவறு. இந்த ஓடு கல் அல்ல, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்பு வலை. துளைகளில் கடலுப்பு நிற்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், காயும்போது பரலாகி மேற்பரப்பைப் பொரிய வைக்கும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் உப்பு போகாத ஓடு எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும், பூசிய கோந்தும் உரியும். அதனால் அகலமான பாத்திரத்தில் நல்ல தண்ணீர் நிரப்பி ஊறவையுங்கள். முதலில் தண்ணீர் பழுப்பாகி நாறும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை தொடருங்கள். ஒரு நாள், சிலவற்றுக்கு இரண்டு நாள் ஆகும். அடிப்பக்க நடுவில் உள்ள வாய்த்துளை வழியாக உள்ளே மணல் புகுந்திருக்கும். நீருக்குள்ளேயே மெதுவாக ஆட்டினால் கொட்டிவிடும். குச்சி விட்டுக் குத்தாதீர்கள்.

ப்ளீச்சுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ஜிக் என்ற வீட்டு ப்ளீச் போதும். வாசனை சேர்த்ததோ கெட்டியானதோ வேண்டாம். ஒரு கப் ஜிக்குக்கு மூன்று கப் குளிர்ந்த தண்ணீர். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் திருப்பிப் பாருங்கள், பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ப்ளீச் சுண்ணாம்பைக் கரைப்பதில்லை, சுண்ணாம்பைப் பிணைத்து வைத்திருக்கும் உயிர்ப்பொருளைத்தான் தின்கிறது. இரவு முழுக்கப் போட்டுவைத்த ஓடு பளீரென்று வெளுக்கும், ஆனால் விரலால் தடவினால் மாவாகும். அதை எந்தக் கோந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பத்து நிமிடத்தில் போகாத பச்சைக் கறைக்கு மறுநாள் இன்னொரு முறை ஐந்து நிமிடம் கொடுக்கலாம். துருக்கறை போகாது, அப்படியே விட்டுவிடுங்கள்.

வினிகர் கூடவே கூடாது. தனியாக ஊற்றினால் ஓட்டின் சுண்ணாம்பையே கரைக்கும். ஜிக்குடன் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

பிறகு நல்ல தண்ணீரில் மீண்டும் ஊறட்டும். ப்ளீச் வாடை முழுக்கப் போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். பழைய துண்டின் மேல் பரப்பி, வெயிலில் காயவைத்து, மதியம் ஒருமுறை திருப்புங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும், நம்ப வேண்டாம். சமையலறைத் தராசில் எடை பாருங்கள். இன்றும் நாளையும் ஒரே எடை என்றால்தான் உள்ளே ஈரம் இல்லை. ஈரத்தோடு கோந்து பூசினால் அது உள்ளேயே அடைபட்டு மஞ்சள் திட்டும் பூஞ்சணமும் வரும். ஆட்டும்போது உள்ளே கலகல என்றால் பயப்பட வேண்டாம், பிரிந்துகிடக்கும் தாடைத் துண்டுகள் அவை. உடைந்த ஓட்டிலிருந்து கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், சிறகு விரித்த புறாக்கள்போல் அழகானவை.

கெட்டிப்படுத்த, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைக் கோந்து இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. மென்தூரிகையால் மெல்லியதாக மேல்பக்கம் பூசி, மெழுகுத்தாள் மேல் வைத்து நன்றாகக் காய்ந்த பின் அடிப்பக்கம் பூசுங்கள். ஒரே தடிப்பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நல்லது. தடித்தால் இதழ்க்கோடுகள் அடைந்துபோகும், பூ தெரியாவிட்டால் இந்த ஓட்டுக்கு என்ன அழகு? குங்குமம், மஞ்சள் இருக்கும் பூஜைத் தட்டில் வைப்பதானால் பூச்சு கட்டாயம், வெற்று ஓடு சாயத்தை அப்படியே குடித்துவிடும். வண்ணம் தீட்ட விரும்பினால் முதல் பூச்சுக்குப் பின் அக்ரிலிக் பயன்படுத்துங்கள்.

தீபாவளித் தோரணத்தில் கட்டத் துளையிட வேண்டியதே இல்லை, பின்பக்க இரு துளைகளும் இருக்கின்றன. ஆனால் ஒரே துளையில் கட்டித் தொங்கவிட்டால் பாரம் ஒரு பக்கம் விழுந்து ஓரம் விண்டுவிடும். மூன்று மில்லிமீட்டர் அகல ரிப்பனை ஒரு துளையில் விட்டு மறு துளையில் எடுத்து, இரு முனைகளையும் மேலே சேர்த்து முடியுங்கள். நைலான் தூண்டில் நரம்பு அறுக்கும். பலகையில் ஒட்ட இரு கலவை எப்பாக்ஸி நல்லது, சூப்பர் க்ளூ சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும். விளக்கின் அருகில் வைக்காதீர்கள், சூட்டில் கோந்து இளகிக் கரி ஒட்டிக்கொள்ளும். மிச்சமுள்ளவற்றைத் திசுத்தாளில் தனித்தனியாகச் சுற்றி அட்டைப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள், மேலே எதையும் அடுக்காமல்.