பிடுங்கப் பிடுங்க முளைத்த பருப்புக்கீரை

மாடியில் கத்தரிக்காய்த் தொட்டி முழுக்கப் பருப்புக்கீரை படர்ந்துவிட்டது. பிடுங்கித் தொட்டியிலேயே போட்டேன், உரமாகட்டும் என்று. நாலே நாளில் தண்டிலிருந்து வேர்விட்டு மறுபடி நிமிர்ந்து நின்றது. தண்டிலும் இலையிலும் நீரைத் தேக்கி வைத்திருக்கும் செடி, லேசில் சாகாது. சரி, தின்றே தீர்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் தடவை விடிகாலையில் பறித்து, தண்ணீர் ஊற்றி மூடி வேகவைத்தேன். கொழகொழவென்று ஆகி, பல் கூசும் புளிப்பு. வீட்டில் யாரும் தொடவில்லை.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. வெயிலும் வறட்சியும் இருக்கும்போது இந்தச் செடி இரவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்துவைக்கும். பகலில் அதைச் செலவழிக்கும். அதனால் காலையில் புளிப்பு அதிகம், மாலையில் குறைவு. இப்போது சாயங்காலம்தான் பறிக்கிறேன். பாசிப்பருப்பு முக்கால் பதம் வெந்ததும் கீரையைப் போட்டு, மூடாமல் மூன்று நிமிடம். புளி வேண்டவே வேண்டாம். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து விட்டால் போதும். பச்சையாகத் தயிர்ப்பச்சடியும் செய்யலாம். எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

ஒமேகா-3 கொழுப்பு உள்ள கீரை இது. சித்த மருத்துவத்தில் குளிர்ச்சி என்பார்கள். ஆனால் சிறுநீரகக் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருளும் இதில் நிறைய. சிறுநீரகக் கல் வந்த என் மாமாவுக்குக் கொடுப்பதில்லை.

பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அது வேறு செடி, தூக்கிப் போடுங்கள்.